பின்சக்கரம் தள்ளும் வண்டியும் மழைநாள் சாலையும்



பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வானம் கறுத்து, மூன்று மணிக்குள் கொட்டித் தீர்த்துவிட்டு, ஐந்து மணிக்கு மீண்டும் வெயில் அடிப்பது நமக்குப் புதிதன்று. மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும், பின்னர் அக்டோபரை ஒட்டியும் இத்தகைய இடிமழை மிகுதி. கிழக்குக் கரையிலோ நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் பெய்யும். இம்மழையில் செம்மண் சாலை எப்படி மாறும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அச்சாலையில் ஓடும் வண்டி எப்படி மாறும் என்பதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அதிலும் பிக்கப், பள்ளி வேன், லோரி போன்ற, பின்சக்கரங்களால் தள்ளப்பட்டு ஓடும் வண்டிகளைப் பற்றியதே இக்கட்டுரை.

இவ்வண்டிகளை மட்டும் தனியே எடுத்துப் பேசுவானேன் என்று கேட்கலாம். காரணம் உண்டு. ஒரு காலத்தில் நம் நாட்டில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை பின்சக்கரத்தால் இயங்கியவை. மோரிஸ் மைனர், டட்சன் 120ஒய், பழைய டொயோட்டா கொரோலா, ஃபோர்டு எஸ்கோர்ட் ஆகிய யாவும் அவ்வினத்தைச் சேர்ந்தவை. 1985-ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. அது முன்சக்கரத்தால் இழுக்கப்படும் வண்டி. 1994-இல் வந்த கஞ்சிலும், 2005-இல் வந்த மைவியும் அவ்வாறே. ஆகவே, கடந்த முப்பது ஆண்டுகளில் வண்டியோட்டக் கற்றவர்களுள் மிகப் பலர் முன்சக்கர வண்டியிலேயே கற்று, முன்சக்கர வண்டியிலேயே பழகியவர்கள். அப்படிப் பழகிய ஓர் இளைஞரிடம் ஒரு நாள் காலைப் பெரட்டு முடிந்ததும் பிக்கப்பின் சாவியை நீட்டி, "தம்பி, நர்சரிக்குப் போயிட்டு வா" என்கிறார்கள். மழை பெய்திருக்கிறது, வண்டியின் பின்புறம் காலியாக இருக்கிறது. அவருடைய கையும் காலும் கற்றிருக்கும் பழக்கம் வேறு. அவர் ஏறி அமர்ந்திருக்கும் வண்டியின் குணம் வேறு.

ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ் முதலிய பிக்கப்கள் பின்சக்கரத்தால் இயங்குபவை. நான்கு சக்கரங்களும் இயங்கும் வகையைச் சேர்ந்த பிக்கப்பும், அதற்குரிய கியரை மாற்றாத வரையில், பொதுவாகப் பின்சக்கரங்களால் மட்டுமே ஓடுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. "நமது வண்டி ஃபோர் வீல்தானே" என்ற துணிவில் அவர்கள் ஓட்டுவது உண்மையில் இருசக்கர இயக்கத்தில்தான். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஹையஸ், எர்வான் வேன்கள் பலவும் இவ்வகையே. 2019-இல் வெளிவந்த பெரோடுவா ஆரூஸ்கூட, அந்நிறுவனத்தின் மற்றக் கார்களைப் போலன்றிப் பின்சக்கர இயக்கம் உடையது.

இவ்வகை வண்டி குறையுடையது என்று நாம் சொல்ல வரவில்லை. பாரம் ஏற்றவும் மேடு ஏறவும் இதற்கு நிகரில்லை. பாரம் பின்னச்சின்மீது அமர்கிறது. மேட்டில் ஏறும்போது வண்டியின் எடையும் பின்னோக்கிச் சாய்கிறது. எடை எங்கே இருக்கிறதோ அங்கே பிடிப்பு இருக்கிறது. பிடிப்பு உள்ள சக்கரமே வண்டியைத் தள்ளுகிறது. லோரிகள் பெரும்பாலும் பின்சக்கரத்தால் இயங்குவது இக்காரணத்தாலேயே.

பிடிப்பு என்னும் சம்பளம்

ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. ஒரு பெரிய வண்டி நான்கு உள்ளங்கைகளால் தரையைப் பற்றிக்கொண்டு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் உள்ளங்கைக்கும் ஓரளவு பிடிப்பே உண்டு. அதை மாதச் சம்பளம் போல் எண்ணுங்கள். சம்பளத்திற்கு மூன்று செலவுகள்: வண்டியை உந்துவது ஒன்று, நிறுத்துவது ஒன்று, வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கம் விலகிவிடாமல் பிடித்துக்கொள்வது ஒன்று. மூன்றும் ஒரே பையிலிருந்துதான் போக வேண்டும். ஒரு செலவு மிகுந்தால் மற்றதற்குப் பணம் இராது. சம்பளத்தையும் மிஞ்சிச் செலவு போனால் டயர் தரையை விட்டுவிடுகிறது. அதைத்தான் சறுக்கல் என்கிறோம்.

மழையில் இச்சம்பளமே குறைந்துவிடுகிறது. நனைந்த தார்ச்சாலையில் பிடிப்பு உலர்ந்த நாளில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறையக்கூடும். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையின் முதற் சில நிமிடங்கள் இன்னும் மோசமானவை. சாலையில் படிந்துள்ள எண்ணெயும் தூசியும் நீரில் கலந்து மெழுகுபோல் பரவும். பின்னர் மழை வலுத்து அதைக் கழுவிவிடும். செம்மண் சாலையிலோ கதை வேறு: களிமண் டயரின் பள்ளங்களை நிரப்பி, டயரையே வழவழப்பான உருளையாக்கிவிடுகிறது.

இனி, யார் எந்தச் செலவைச் செய்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். முன்சக்கரம் இழுக்கும் காரில், திருப்புவதும் உந்துவதும் முன்சக்கரங்களின் வேலை. ஆகவே, ஓட்டுநர் வளைவில் அளவுக்கு மீறி வேகம் கொடுத்தால், முதலில் பிடிப்பை இழப்பவை முன்சக்கரங்களே. கார் திரும்பாமல் மூக்கு நேராகப் போகப் பார்க்கும். ஓட்டுநர் அச்சத்தால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். பெரும்பாலும் அதுவே போதுமானதாகி, மூக்கு மீண்டும் வளைவுக்குள் வந்துவிடும். அவர் செய்தது தேர்ந்த செயலன்று. வண்டி அவருக்காகத் தவற்றைப் பொறுத்துக்கொண்டது.

பின்சக்கரம் தள்ளும் வண்டியில் வேலை பிரிந்திருக்கிறது. முன்சக்கரங்கள் திருப்புகின்றன, பின்சக்கரங்கள் உந்துகின்றன. அதோடு பின்சக்கரங்களுக்கு மற்றொரு வேலையும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. வண்டியின் வாலைப் பின்னால் நிறுத்தி வைப்பதே அவ்வேலை. அவை பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளாவிடில் வால் முன்னே வரப் பார்க்கும். உந்துவதற்கு அதிகம் கேட்டுவிட்டால், வாலைப் பிடித்துவைக்கக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இது தெரிந்த செய்தியே. கப்சாய் வண்டியில் ஈரச் செம்மண் மீது செல்லும்போது பின்பிரேக்கைச் சட்டென மிதித்தால் வால் எப்படிப் பக்கவாட்டில் நழுவும் என்பதை அறியாதவர் தோட்டத்தில் இருக்க முடியாது. அதே பின்சக்கரம், அதே நழுவல். பிக்கப்பில் அது ஒன்றரை டன்னுக்கும் மேற்பட்ட இரும்பாக நழுவுகிறது, வித்தியாசம் அவ்வளவே.

ஏறியபோது இருந்த வண்டி

நாம் பணியேற்ற புதிதில் நேர்ந்த ஒன்றை இங்குச் சொல்லிக்கொள்வதில் வெட்கப்படவில்லை. மலைச்சரிவில் அமைந்த ஒரு தோட்டத்தில் மாலைக் கூட்டம். நாற்காலிகள், ஒலிபெருக்கிப் பெட்டிகள், மின்னாக்கி என ஒரு பிக்கப் நிறையப் பொருள்களை ஏற்றிச் சென்றோம். செம்மண் மேட்டில் வண்டி எவ்விதத் தடையுமின்றி ஏறிற்று. பொருள்களை மண்டபத்திலேயே விட்டுவிட்டு, மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று இரவு தனியே திரும்பினோம். இடையில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. இறக்கத்தில் வேகம் கூடுவதாகத் தோன்றவே, மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாற்றி, கிளட்சைச் சட்டென விட்டோம். பயிற்சிக் காரில் கற்ற பழக்கம் அது. அடுத்த கணம் முன்கண்ணாடி வழியே சாலையைக் காணோம். செம்பனை மரங்கள் பக்கவாட்டில் ஓடின. பிரேக்கை அழுந்த மிதித்தோம். வண்டி முழுதாகச் சுழன்று, வந்த திசையையே பார்த்தபடி, பின்சக்கரங்கள் வாய்க்காலில் இறங்க நின்றது. ஒரு மரம் பத்தடிக்கு அப்பால் இருந்தது என்பதைத் தவிர, நாம் தப்பியதற்கு வேறு காரணம் எதுவுமில்லை.

தலை நரைத்த டிராக்டர் ஓட்டுநர் ஒருவர் வந்து சங்கிலி கட்டி இழுத்துவிட்டார். நாம் நடந்ததை விவரித்து, வண்டியில் ஏதோ பழுது இருக்க வேண்டும் என்றோம். அவர் சிரிக்கவில்லை. "ஏறும்போது நல்லா ஏறிச்சுதானே, சார்? அப்போ பின்னால பாரம் இருந்துச்சு. இப்போ வெறும் தொட்டி. ஏறுன வண்டி வேற, இறங்குற வண்டி வேற" என்றார்.

அவர் சொன்னதை இப்போது நமது மொழியில் விரித்துரைக்கிறோம். காலியான பிக்கப்பின் எடையில் பாதிக்கும் மேல் முன்னச்சின்மீது இருக்கிறது. இயந்திரம் முன்னே, வெறும் தொட்டி பின்னே. இறக்கத்தில் எடை மேலும் முன்னோக்கிச் சாய்கிறது. அப்போது பின்சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் உருளுகின்றன. கியரைக் குறைத்துக் கிளட்சை விடும்போது, இயந்திரம் சக்கரங்களைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. எந்தச் சக்கரங்களை? இயந்திரத்தோடு இணைந்த பின்சக்கரங்களை மட்டும். ஓடும் வண்டியில் யாரோ கைப்பிரேக்கை இழுத்தது போன்ற நிலை அது. முன்சக்கர வண்டியில் அதே செயல் முன்சக்கரங்களைப் பிடிக்கிறது. எடையோ முன்னேதான் இருக்கிறது. ஆகவே வால் பெரும்பாலும் ஒழுங்காகப் பின்னால் வருகிறது. அந்தப் பழக்கத்தைத்தான் நாம் காலிப் பிக்கப்பில் செய்துகாட்டினோம். பின்னர் பிரேக்கையும் மிதித்து மீதியையும் கெடுத்தோம்.

இறக்கமும் ஏற்றமும்

ஆகையால், இறக்கத்திற்கான கியரை இறக்கத்தின் தலைப்பிலேயே, வண்டி நேராகவும் மெதுவாகவும் இருக்கும்போதே தேர்ந்துகொள்ள வேண்டும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறிச் செல்லும் பழைய சாலை போன்ற நீண்ட இறக்கங்களில் தாழ்ந்த கியர் இன்றியமையாதது. பிரேக்கை மட்டுமே நம்பினால் அது சூடேறிப் பிடிப்பிழக்கும். நாம் தவிர்க்கச் சொல்வது தாழ்ந்த கியரையன்று. பாதி இறக்கத்தில், ஈரத்தில், வளைவில், வெடுக்கென மாற்றுவதைத்தான். மாற்றியே ஆகவேண்டிய நிலை வந்தால், கிளட்சை மெல்ல மெல்ல விடுங்கள். அல்லது விடுமுன் ஆக்சிலேட்டரைச் சிறிது தொட்டு இயந்திரத்தின் வேகத்தைச் சக்கரத்தின் வேகத்தோடு ஒப்பச் செய்யுங்கள். பழைய லோரி ஓட்டுநர்கள் இதைக் காதால் கேட்டே செய்வார்கள்.

ஏற்றத்தில் தொல்லை வேறு வகையானது. காலி வண்டியின் ஒரு பின்சக்கரம் சேற்றில் சுழலத் தொடங்கும்; மற்றச் சக்கரம் கெட்டியான தரையில் இருந்தும் அசையாது நிற்கும். இரு பின்சக்கரங்களுக்கும் இடையில் உள்ள டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதியே இதற்குக் காரணம். வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தை விட அதிகத் தொலைவு ஓட வேண்டியிருப்பதால், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் ஓட விடுவது அதன் பணி. ஆனால், அது இருபுறமும் ஒரே அளவு விசையையே கொடுக்கும். ஒரு பக்கம் வழுக்கும் சேற்றில் சிறிதளவே விசை தாங்குமானால், மறுபக்கத்திற்கும் அச்சிறிதளவே கிட்டும். இந்நிலையில் ஆக்சிலேட்டரை மேலும் மிதிப்பது குழியைத் தோண்டுவதற்கே உதவும். இரண்டாம் கியரில், மிகக் குறைந்த விசையில் நகர்த்திப் பாருங்கள். கைப்பிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்கும் வண்டியாயின், அதைச் சற்றே, ஓரிரு பற்கள் மட்டும் இழுத்துக்கொண்டு மெதுவாக விசை கொடுத்தால், சுழலும் சக்கரம் தடைபட்டு, நிற்கும் சக்கரத்திற்கும் கொஞ்சம் விசை போய்ச் சேரும். ஏறியவுடன் கைப்பிரேக்கை விடுவிக்க மறக்கலாகாது. இதிலும் ஏறாவிட்டால் பிடிவாதம் வேண்டாம். நேராகப் பின்னிறங்கி, மழை வடியக் காத்திருப்பதே நன்று.

தொட்டியில் பாரம் வைத்தல் பழைய வழக்கம். 50 கிலோ உரமூட்டை மூன்றோ நான்கோ, பின்னச்சுக்கு நேர்மேலே அல்லது அதற்குச் சற்று முன்னே, அசையாதபடி கட்டி வைத்தால் காலிப் பிக்கப் வெகுவாக அடங்கும். தொட்டியின் கடைக்கோடியில் வைத்தால் பயன் கெடும். முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஸ்டீரிங் இலேசாகிவிடும். கட்டாத மூட்டை வளைவில் ஒரு பக்கமாக உருண்டால், அதுவே வாலை இழுத்துச் செல்லும். ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: பாரத்திற்காக ஆட்களைத் தொட்டியில் ஏற்றலாகாது. வண்டி சுழலும்போது மூட்டை கட்டியபடி கிடக்கும். மனிதர் வெளியே வீசப்படுவர்.

வளைவில் செய்யத்தக்கதும் தகாததும்

வளைவில் தேவைப்படும் பிடிப்பு, வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் வளைவை 60-இல் திரும்பினால், பிடிப்பு ஒன்றரை மடங்கன்று, இரண்டேகால் மடங்கு வேண்டும். ஆதலின், வேகத்தை நேர்ச்சாலையிலேயே குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பின் பிரேக்கும் வேண்டாம், கியர் மாற்றமும் வேண்டாம். ஆக்சிலேட்டரை இலேசாக, ஒரே சீராக வைத்திருந்தால் எடை பின்னச்சின்மீது அமைதியாக அமர்ந்திருக்கும், வால் அடங்கியிருக்கும். ஸ்டீரிங் நேராகத் தொடங்கிய பின்னரே விசையைக் கூட்டலாம். பின்சக்கர வண்டியைச் செம்மையாக ஓட்டுபவரின் அருகில் அமர்ந்தால், அவர் கால் அசைவதே நமக்குத் தெரியாது.

எச்சரிக்கை வேண்டிய இடங்கள் சில: செம்பனைக் குலைகள் ஏற்றிய டிராக்டர் மண்பாதையிலிருந்து தார்ச்சாலையில் ஏறும் முனை, அங்கே சேறு பரவியிருக்கும், உதிரிப் பழங்கள் நசுங்கிக் கிடக்கும் இடம், நனைந்த மரப்பலகைப் பாலம், சாலையில் பூசப்பட்ட வெள்ளைக் கோடுகள். இவற்றின்மீது செல்லும்போது விசை கொடுக்கவோ குறைக்கவோ செய்யாமல் உருட்டிச் செல்வது நலம்.

இவ்வளவும் செய்தும் வால் நழுவிவிட்டால் என்ன செய்வது? முதலில், பிரேக்கை மிதிக்கலாகாது. நம் கால் தானாகவே அதை நாடும். அதனாலேயே முதலில் சொல்கிறோம். விசை மிகுந்து வால் நழுவியதாயின், ஆக்சிலேட்டரிலிருந்து காலை வெடுக்கென எடுக்காமல் தளர்த்துங்கள். கியரைக் குறைத்ததால் நழுவியதாயின், கிளட்சை அழுத்துங்கள். பின்சக்கரங்கள் இயந்திரத்தின் பிடியிலிருந்து விடுபட்டு உருளத் தொடங்கும், உருளும் டயருக்குப் பிடிப்பு மீளும். அதே வேளையில், எந்தப் பக்கம் வால் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீரிங்கைத் திருப்புங்கள். வால் இடப்பக்கம் போனால் இடப்பக்கம். கண்கள் மரத்தையோ வாய்க்காலையோ பார்க்காமல், போக வேண்டிய சாலையைப் பார்த்திருக்கட்டும். கை கண்ணைப் பின்தொடரும்.

இதில் பலர் தவறுவது இரண்டாம் பகுதியில்தான். வால் திரும்பி வரத் தொடங்கியதும் ஸ்டீரிங்கை உடனே நேராக்கிவிட வேண்டும். அவ்வாறு செய்யாமல் பிடித்துக்கொண்டிருந்தால், வால் நடுவில் நில்லாது மறுபுறம் வீசும். அந்த இரண்டாம் வீச்சு முதல் வீச்சை விடக் கடுமையானது. வண்டி கவிழ்வது பெரும்பாலும் அப்போதுதான்.

ஏ.பி.எஸ். பிரேக்கும், இ.எஸ்.சி. எனப்படும் நிலைப்படுத்தும் கருவியும் பொருத்தப்பட்ட புதிய வண்டிகள் உள்ளன. இ.எஸ்.சி. வண்டி சுழலத் தொடங்குவதை உணர்ந்து, விசையைக் குறைத்து, வேண்டிய ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் செய்து வண்டியை நேராக்கும். அத்தகைய வண்டியில் ஆபத்தின்போது பிரேக்கை அழுந்த மிதித்து, போகவேண்டிய பக்கம் திருப்புவதே முறை. எனினும், அக்கருவி சம்பளத்தைப் பங்கிட்டுத் தரவல்லதேயன்றிச் சம்பளத்தைக் கூட்டித் தராது. உங்கள் வண்டியில் அது உண்டா, இல்லையா என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

நீரும் டயரும்

தார்ச்சாலையில் நீர் தேங்கி நிற்குமிடத்தில் வேகமாகச் சென்றால், டயர் நீரை வெளித்தள்ள நேரமின்றி நீரின்மேலேயே ஏறி மிதக்கும். 1960-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் நாசா, விமானங்கள் ஓடுதளத்தில் நீர்மேல் வழுக்குவது குறித்து ஆராய்ந்து, டயரின் காற்றழுத்தத்தைக் கொண்டு அவ்வேகத்தைக் கணிக்கும் முறையொன்றைக் கண்டது. அதன்படி 30 பவுண்டு அழுத்தமுள்ள டயர் ஏறக்குறைய 91 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும்; 20 பவுண்டே இருப்பின் 75 கிலோமீட்டரிலேயே மிதந்துவிடும். காற்றுக் குறைந்த டயர் சேற்றில் நன்றாகப் பிடிக்கும் என்று காற்றை இறக்கிவிட்டு, அப்படியே பெருஞ்சாலைக்குச் செல்வோர் இதைக் கவனிக்க வேண்டும். மிதக்கும் கணத்தில் திருப்பவோ பிரேக் செய்யவோ வேண்டாம். காலைத் தளர்த்தி நேராகப் பிடித்திருங்கள். ஓடும் வெள்ளம் ஓரடி ஆழம் இருந்தாலே சிறிய காரைத் தூக்கவல்லது என்பதால், அதற்குள் இறங்குவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

டயர் தேய்மானத்திலும் பின்சக்கர வண்டிக்குத் தனிக்கவனம் வேண்டும். உந்துவது பின்சக்கரமாதலால் பின்டயர்களே விரைவில் தேய்கின்றன. வாலைப் பிடித்துவைக்க வேண்டியவையும் அவையே. எனினும், நல்ல டயர்களை முன்னே போட்டுவிட்டு, "பின்னால் எது இருந்தால் என்ன" என்று தேய்ந்தவற்றைப் பின்னே போடும் வழக்கத்தை நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். இது முற்றிலும் தவறு. இரண்டு டயர் மட்டும் வாங்கப் பணமிருந்தால் புதியவை பின்னேதான் போக வேண்டும். முன்டயர் வழுக்கினால் ஸ்டீரிங் வழியே கைக்குத் தெரியும், வேகத்தைக் குறைக்கலாம். பின்டயர் வழுக்குவது தெரியும்போது வண்டி பாதி திரும்பியிருக்கும். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்காகச் சிறு மேடுகள் உள்ளன. அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். மேற்பரப்பு தேய்ந்து அம்மேட்டோடு சமமானால் அந்த டயர் சட்டப்படியும் முடிந்துபோனது. மழைநாளைக் கருதினால் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது உத்தமம்.

பள்ளி வேன்

பள்ளி வேன் ஓட்டுநர்களுக்கு ஒரு சொல் தனியே சொல்ல வேண்டும். ஹையஸ், எர்வான் போன்ற வேன்களில் இயந்திரம் முன்னிருக்கைகளுக்கு அடியில் உள்ளது. பிள்ளைகள் நிறைந்திருக்கும்போது பின்னச்சின்மீது போதிய எடை இருப்பதால், வால் எளிதில் நழுவாது. அதை நம்பிவிடக் கூடாது. கடைசி வரிசையில் அமர்ந்த பிள்ளைகளும் அவர்களின் புத்தகப் பைகளும் பின்னச்சுக்கு மேலோ அதற்குப் பின்னோ தொங்கும் பாரமாவர். ஒருமுறை நழுவத் தொடங்கிவிட்டால், கயிற்றில் கட்டிச் சுழற்றிய கல்லைப் போல் அப்பாரம் வாலை வீசிவிடும். மேலும், வேன் உயரமானது. பக்கவாட்டில் நழுவிவரும் வேனின் சக்கரம் தார்ச்சாலையின் விளிம்பிலோ மண்மேட்டிலோ தட்டினால், அது நில்லாது, கவிழும். அளவுக்கு மீறி ஏற்றிய வேனுக்கு இது இன்னும் எளிது. ஆதலின், அளவான பிள்ளைகள், இருக்கைப் பட்டி, நல்ல பின்டயர் ஆகிய மூன்றும் இல்லாத வேனில் தம் பிள்ளையை ஏற்றுவதில்லை என்று பெற்றோர் சொல்ல உரிமையுண்டு. கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பும் காலி வேன், காலையில் ஓட்டிய வேன் அன்று என்பதை ஓட்டுநரும் நினைவில் வைக்க வேண்டும்.

இத்துறைக்கு வருமுன் நாம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தோம். முன்னிரவு மழை பெய்த நாள்களில் உள்டிவிஷன் பிள்ளைகளை ஏற்றிவரும் வேன் பத்து, பதினைந்து நிமிடம் தாமதமாக வரும். வருகைப் பதிவேட்டில் அப்பிள்ளைகளின் பெயருக்கு நேரே சிவப்பு மையால் தாமதக்குறி இடுவது நமது வழக்கம். ஒரு நாள் ஓட்டுநரை அழைத்து, அரைமணி முன்னதாகவே புறப்பட்டால் என்ன என்று சற்றுக் கடுமையாகவே கேட்டோம். "நேரத்துக்குத்தான் புறப்படுறேன், சார். மேட்டுப் பாதையில பிள்ளைங்கள இறக்கி நடக்க விட்டுட்டு, காலி வண்டிய கீழ கொண்டாந்து நிறுத்திட்டு, மறுபடியும் ஏத்திக்கிட்டு வர்றேன்" என்றார். மறுநாள் முதல் மழை பெய்த காலைகளில் அந்த வேனுக்குச் சிவப்பு மை எடுக்கவில்லை.